நான்கு மணி நேரம் திறந்திருந்த தகடு



நாம் வாழும் இந்த நாட்டில், லிவர்பூலுக்கு வடக்கே மகல் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1888 டிசம்பர் 29, கிறிஸ்மஸ் முடிந்த நான்காம் நாள், ஒரு சனிக்கிழமை. அன்று இரவு அந்த ஊரில் ஒருவர் தம்முடைய சொந்தத் தொலைநோக்கியில் ஒரு கண்ணாடித் தகட்டைப் பொருத்தி, வானில் மங்கலாகத் தெரியும் ஒரு புகைத் திட்டை நோக்கி 4 மணி நேரம் திறந்து வைத்தார். அவர் பேராசிரியர் அல்ல, அரசாங்க வானாய்வுக்கூடத்தில் சம்பளம் வாங்கியவரும் அல்ல. வீடு கட்டும் தொழில் செய்தவர். பெயர் ஐசக் ராபர்ட்ஸ்.

அந்தத் தகட்டைக் கழுவி எடுத்தபோது, அதுவரை எந்த மனிதக் கண்ணும் காணாத ஒன்று அதில் இருந்தது. ஆண்ட்ரோமெடா என்ற அந்தப் புகைத் திட்டு வெறும் புகையாக இல்லை. நடுவில் ஒளிக் குவியல், அதைச் சுற்றிக் கரங்கள் போல வளைந்து ஓடும் சுருள்கள், அவற்றுக்கிடையே கரிய பட்டைகள். படம் அருமையானது. ஆனால் தாம் எடுத்தது எதன் படம் என்று ராபர்ட்ஸ் சொன்ன விளக்கம் முற்றிலும் தவறானது. படம் சரி, விளக்கம் தவறு. இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் எப்படிச் சேர்ந்திருந்தன, அதனால் என்ன விளைந்தது என்பதே இந்தக் கட்டுரை.

கண்ணுக்கு எட்டிய வரை

ஆண்ட்ரோமெடாவைக் காணத் தொலைநோக்கி தேவையில்லை. இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கே ஒரு மங்கல் தெரியும். 964-ஆம் ஆண்டளவில் பாரசீக வானியலாளர் அல்-சூஃபி அதை ஒரு சிறு மேகம் என்று தம் நூலில் குறித்தார். 1612-இல் ஜெர்மனியின் சைமன் மாரியஸ் தொலைநோக்கி வழியே அதைப் பார்த்துவிட்டு, கொம்புத் தகட்டுக்குப் பின்னால் எரியும் மெழுகுவர்த்தி போல இருக்கிறது என்று ஒப்பிட்டார். 1764-இல் பிரான்சின் சார்ல் மெசியே தம் பட்டியலில் அதற்கு 31 என்று எண் கொடுத்தார். எம் 31 என்று இன்றும் வழங்குவது அதனால்தான்.

1845-இல் அயர்லாந்தின் பர் என்ற ஊரில் ரோஸ் பிரபு 72 அங்குல விட்டமுள்ள ஆடியைக் கொண்டு ஒரு பெரிய தொலைநோக்கியை அமைத்தார். எம் 51 என்ற வேறொரு புகைத் திட்டு சுருள் வடிவமாக இருப்பதை அவர் கண்டு, கையால் வரைந்து வைத்தார். இதோடு ஒரு சிக்கலும் வந்தது. ஒரே பொருளைப் பலர் பார்த்து வரைந்தபோது படங்கள் ஒன்றுபோல் இல்லை. மங்கலானதைப் பார்க்கும்போது கண் பாதியைக் காண்கிறது, மனம் மீதியை நிரப்புகிறது. 1847-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் பாண்ட் ஆண்ட்ரோமெடாவில் இரண்டு நேரான கருங்கோடுகளைக் கண்டு வரைந்தார். அவை என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை.

தகட்டின் பொறுமை

மனிதக் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் கண்டதை விட்டுவிட்டு அடுத்ததைக் காண்கிறது. ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் மங்கலானது மங்கலாகவே இருக்கும். புகைப்படத் தகடு அப்படியல்ல. முதல் நிமிடம் விழுந்த ஒளி அதில் தங்குகிறது, அறுபதாம் நிமிடம் விழும் ஒளி அதன்மேல் சேருகிறது. சிறு துளியாய் விழும் மழைநீர் இரவு முழுவதும் விழுந்தால் வாளி நிறைவதைப் போல.

ஆரம்ப காலத் தகடுகளில் இது முடியவில்லை. அவற்றை ஈரமாக இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும், காய்ந்தால் வீண். 1871-இல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டுக்கு வழி காட்டினார். அது மேம்பட்ட பிறகு தகட்டை மணிக்கணக்கில் திறந்து வைக்க முடிந்தது.

முதலில் பயன்படுத்திக்கொண்டவர்களில் பலர் அமெச்சூர்கள், அதாவது தொழிலாக அல்லாமல் ஆர்வத்தினால் வானம் பார்த்தவர்கள். 1880 செப்டம்பரில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை 51 நிமிடங்கள் திறந்து வைத்துப் படமெடுத்தார். 1883-இல் லண்டன் ஈலிங்கில், ஆண்ட்ரூ காமன் என்ற சுகாதாரப் பொறியாளர் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த 36 அங்குலத் தொலைநோக்கியால் அதே நெபுலாவை எடுத்தார். அந்தப் படத்தில் அதே தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் பதிந்திருந்தன. கருவி கண்ணை முந்திவிட்டது.

இந்த அமெச்சூர் மரபில் திருச்சபைக்கும் பங்கு உண்டு. ஹெரிஃபோர்ட்ஷயரில் ஒரு கிராமச் சபையின் குருவாக இருந்த தாமஸ் வெப், சாதாரணத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கென்றே 1859-இல் ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். பல தலைமுறை அமெச்சூர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைக் கற்றார்கள்.

கட்டடத் தொழிலாளி வானுக்குத் திரும்பினார்

ராபர்ட்ஸ் 1829-இல் வடக்கு வேல்ஸில் டென்பிக்கு அருகே பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் பிழைப்புத் தேடி லிவர்பூலுக்கு வந்தது. 1844-இல், 15 வயதில், ஒரு கட்டட நிறுவனத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். 1859-இல் சொந்தத் தொழில் தொடங்கினார். வளர்ந்துவந்த லிவர்பூலில் கட்டட வேலைக்குப் பஞ்சமில்லை. தொழில் செழித்தது.

ஊரை விட்டு வந்து, உழைத்து, ஒரு நிலைக்கு வந்த பிறகு படிப்பின்மேல் ஆசை கொண்ட மனிதர்களை நம் சபைகளிலும் பார்த்திருக்கிறோம். ராபர்ட்ஸ் அப்படிப்பட்டவர். முதலில் நிலவியல் படித்தார். பிறகு, ஏறக்குறைய 50 வயதில், 7 அங்குல லென்ஸ் தொலைநோக்கி ஒன்றை வாங்கி வானம் பார்க்கத் தொடங்கினார். 1882-இல் மகலுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டு சிறு லென்ஸ்களால் நட்சத்திரங்களைப் படமெடுத்துப் பழகினார். 1885-இல் டப்ளின் நகரின் ஹோவர்ட் கிரப்பிடம் 20 அங்குல ஆடித் தொலைநோக்கி ஒன்றைச் செய்யச் சொன்னார்.

அந்தக் கருவியின் அமைப்பு முக்கியமானது. படமெடுக்கும் 20 அங்குலத் தொலைநோக்கியும், பழைய 7 அங்குலத் தொலைநோக்கியும் ஒரே தாங்கியில் பொருத்தப்பட்டன. ஒன்று தகட்டுக்கு, மற்றொன்று கண்ணுக்கு.

அந்த இரவின் வேலை

பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றும். 4 மணி நேரத்தில் 60 பாகை. தொலைநோக்கி அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்பாவிட்டால் நட்சத்திரங்கள் புள்ளிகளாக விழாமல் கோடுகளாக விழும். இதற்காகக் கடிகார இயந்திரம் ஒன்று தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தக் காலத்து எந்த இயந்திரமும் 4 மணி நேரம் பிசகாமல் ஓடாது. ஆகவே ஒருவர் துணைத் தொலைநோக்கியில் கண் வைத்து, ஒரு நட்சத்திரம் குறுக்கு நூலிலிருந்து விலகுகிறதா என்று கவனித்து, விலகும்போதெல்லாம் மெல்லத் திருத்த வேண்டும்.

டிசம்பர் மாதத்து வடக்கு இங்கிலாந்து எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தின் கூரை திறந்திருக்கும். உள்ளே அனல் மூட்ட முடியாது, ஏனெனில் சூடான காற்று அசைந்தால் படம் கலங்கும். விளக்கு கூடாது. பனி இறங்கி ஆடியில் படியலாம், மேகம் எந்த நேரமும் வரலாம். மூன்றரை மணி நேரம் நன்றாகப் போய், கடைசியில் ஒரு தவறு நேர்ந்தால் எல்லாம் போச்சு. எடுக்கும்போது படத்தைப் பார்க்கவும் முடியாது. இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவிய பிறகே அந்த இரவு பலித்ததா இல்லையா என்று தெரியும்.

அந்தச் சனிக்கிழமை இரவு பலித்தது. பாண்ட் வரைந்த இரண்டு நேர்க்கோடுகள் தனிக் கோடுகள் அல்ல, ஒளிச் சுருள்களைப் பிரிக்கும் வளைந்த கரும்பட்டைகளின் ஒரு பக்கம் மட்டுமே என்று தகடு காட்டியது. 40 ஆண்டுப் புதிர் ஓர் இரவில் அவிழ்ந்தது.

அவர் கண்டதும் அவர் எண்ணியதும்

இனி அந்தத் தவறுக்கு வருவோம். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் 1796-இல் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். சுழலும் வாயு மேகம் ஒன்று சுருங்கி, வளையங்களை விட்டு, அவற்றிலிருந்து கோள்கள் உருவாகி நம் சூரியக் குடும்பம் பிறந்தது என்பது அந்தக் கருத்து. ராபர்ட்ஸின் படத்தில் நடுவே ஒளி, சுற்றிலும் வளையங்கள், பக்கத்தில் இரண்டு சிறு திட்டுகள். இதோ, ஒரு புதிய சூரியனும் அதன் கோள்களும் நம் கண்முன் உருவாகின்றன என்று அவர் எண்ணினார். அவர் மட்டுமல்ல, அன்றைய அறிஞர் பலரும் அப்படியே எண்ணினார்கள்.

அப்படி எண்ணக் காரணமும் இருந்தது. 1885 ஆகஸ்டில் ஆண்ட்ரோமெடாவின் நடுவில் புதிய நட்சத்திரம் ஒன்று தோன்றி, வெறும் கண்ணுக்கு எட்டும் எட்டாத அளவில் ஒளிர்ந்தது. ஆண்ட்ரோமெடா மிகத் தொலைவில் இருந்தால், அந்த ஒரு நட்சத்திரம் கோடிக்கணக்கான சூரியன்களுக்குச் சமமாக எரிய வேண்டும். அது நடக்கிற காரியமா? ஆகவே அது நமக்கு அருகில், சிறிய அளவில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நட்சத்திரம் வெடித்து அப்படியே எரிய முடியும், அதற்குச் சூப்பர்நோவா என்று பெயர் வரும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

ஆனால் ராபர்ட்ஸ் ஒரு காரியத்தில் உறுதியாக இருந்தார். கையால் வரைந்த படம் வரைந்தவரின் எண்ணத்தையும் சுமக்கிறது, தகடு தன்மேல் விழுந்த ஒளியை மட்டுமே சுமக்கிறது என்று அவர் நம்பினார். தம் படங்களை 1893-இலும் 1899-இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். எந்த நாள், எவ்வளவு நேரம், வானில் எந்த இடம் என்ற விவரங்களைப் படத்தோடு கொடுத்தார். தம் கருத்தையும் எழுதினார். கருத்து ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். படத்தை ஏற்றுக்கொண்டு கருத்தைத் தள்ளிவிட வாசகருக்கு வழி இருந்தது. 1895-இல் ராயல் வானியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

தகட்டைப் பிறர் வாசித்தபோது

ராபர்ட்ஸ் திறந்த வழியில் மற்றவர்கள் நடந்தார்கள். ஈலிங் தோட்டத்தில் காமன் வைத்திருந்த அதே 36 அங்குலத் தொலைநோக்கி கைமாறிக் கைமாறிக் கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. 1898 முதல் ஜேம்ஸ் கீலர் அதைக்கொண்டு படமெடுத்து, வானத்தில் சுருள்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதைக் கண்டார். இத்தனை சுருள்களும் சூரியக் குடும்பங்களா என்ற சந்தேகம் வலுத்தது.

விடைக்கான திறவுகோல் அமெரிக்காவின் ஹார்வர்டில் கிடைத்தது. ஹென்றியெட்டா லீவிட் ஒரு காங்கிரிகேஷனல் சபைப் போதகரின் மகள். நாளடைவில் செவித்திறனை இழந்தவர். பெண்கள் தொலைநோக்கியில் அமர அனுமதி இல்லாத காலம். பெருவில் எடுக்கப்பட்டு வந்த தகடுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கணக்கெடுப்பது அவர் வேலை. செபீட் என்னும் வகை நட்சத்திரங்கள் எவ்வளவு பிரகாசமானவையோ அவ்வளவு மெதுவாகக் கூடிக் குறைகின்றன என்று 1912-இல் அவர் நிறுவினார். கூடிக் குறையும் காலத்தை அளந்தால் உண்மைப் பிரகாசம் தெரியும், அதிலிருந்து தூரம் தெரியும்.

1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள், மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவைப் படமெடுத்தார். அதில் ஒரு புள்ளியைப் புதிய நட்சத்திரம் என்று முதலில் குறித்தார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது அது ஒரு செபீட் என்று தெரிந்தது. முன்பு எழுதியதை அடித்துவிட்டு, மாறும் நட்சத்திரம் என்பதற்கான குறியை ஆச்சரியக்குறியோடு எழுதினார். அந்தத் தகடு இன்றும் இருக்கிறது. அவர் கணக்கிட்ட தூரம் ஏறக்குறைய 9 லட்சம் ஒளியாண்டுகள். இன்றைய கணக்கு 25 லட்சம் ஒளியாண்டுகள். ராபர்ட்ஸ் ஒரு சூரியக் குடும்பம் என்று எண்ணியது நம் பால்வீதியைப் போன்ற இன்னொரு நட்சத்திரத் திரள். அவர் கோள்கள் என்று எண்ணிய இரண்டு திட்டுகளும் சிறு நட்சத்திரத் திரள்களே.

ராபர்ட்ஸ் இதை அறியவில்லை. 1890-இல் தெளிந்த வானம் தேடி சசெக்ஸின் குரோபரோவுக்குப் போய், 1904-இல் அங்கே இறந்தார். தம் செல்வத்தில் பெரும்பகுதியை லிவர்பூல், கார்டிஃப், பாங்கர் கல்லூரிகளில் படிக்கும் மாணவருக்கென எழுதி வைத்தார். அவர் மனைவி டொரோத்தியா க்ளும்ப்கே, பாரிஸில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண், தாமே ஒரு வானியலாளர். கணவரை விட 32 வயது இளையவர். 1901-இல் மணமுடித்து மூன்றே ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். கணவருக்குப் பின் அந்தத் தகடுகளைப் பிரான்சுக்குக் கொண்டுபோய், வரிசைப்படுத்தி, 1929-இல் ஒரு பெரிய படத்தொகுப்பாக வெளியிட்டார். கணவரின் கருத்து காலாவதியாகிவிட்டது என்று அதற்குள் உலகம் அறிந்திருந்தது. தகடுகள் காலாவதியாகவில்லை என்று அவர் அறிந்திருந்தார்.

இன்று நம் கையில்

ராபர்ட்ஸின் 20 அங்குலக் கருவி செய்ததை இன்று 8 சென்டிமீட்டர் தொலைநோக்கி செய்யும். மோட்டார் வைத்த தாங்கி, ஒரு கேமரா, இருட்டான வானம் இருந்தால் போதும். ஒரே தகட்டை 4 மணி நேரம் திறந்து வைப்பதில்லை. 3 நிமிடப் படங்கள் 80 எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். கூட்டினால் அதே 4 மணி நேரம்! மூடியை மூடி எடுக்கும் இருட்டுப் படங்கள் சிலவும், சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படங்கள் சிலவும் உடன் தேவை. கேமராவே உண்டாக்கும் புள்ளிகளையும் தூசியின் நிழலையும் அவற்றைக் கொண்டு கழித்துவிடலாம்.

அமெச்சூர்களின் வேலை முடிந்துவிடவும் இல்லை. ஹப்பிள் கண்ட அந்தச் செபீட் நட்சத்திரத்தை 2010-இல் விண்வெளித் தொலைநோக்கியால் மறுபடி படமெடுக்கத் திட்டமிட்டபோது, அது எப்போது பிரகாசிக்கும் என்று அளந்து சொன்னவர்கள் அமெச்சூர்கள். 2023-இல், பிரான்சையும் ஜெர்மனியையும் சேர்ந்த மூன்று அமெச்சூர்கள், சிறு தொலைநோக்கியால் 100 மணி நேரத்துக்கும் மேலாகச் சேர்த்த படத்தில், ஆண்ட்ரோமெடாவின் அருகே ஆக்சிஜன் ஒளியாலான ஒரு நீண்ட வில்லைக் கண்டதாக அறிவித்தார்கள். அது நம் பால்வீதிக்குள் இருக்கிறதா, ஆண்ட்ரோமெடாவைச் சேர்ந்ததா என்ற விவாதம் அதன்பின் எழுந்தது. 1888-இல் நடந்ததுபோலவே படம் முதலில் வந்தது.

ஆனால் ராபர்ட்ஸுக்கு இல்லாத ஒரு சோதனை நமக்கு உண்டு. மங்கலான படத்தைக் கொடுத்தால், இல்லாத விவரத்தைத் தாமாகவே நிரப்பி அழகாக்கும் மென்பொருள்கள் இன்று கைபேசியிலேயே இருக்கின்றன. அன்று வரைந்தவர்களின் கை செய்ததை இன்று மென்பொருள் செய்கிறது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நாளைக்கு ஒருவர் அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் அதில் இருப்பது வானத்திலிருந்து வந்ததா, மென்பொருள் சேர்த்ததா என்று அவருக்குத் தெரியாது.

குடும்பமாக நார்தம்பர்லாந்து, எக்ஸ்மூர், வேல்ஸ் பக்கம் போகும்போது, நிலா இல்லாத இலையுதிர்கால இரவில் வெளியே வந்து பாருங்கள். நம் பாட்டிமார் பூரட்டாதி, உத்திரட்டாதி என்று சொல்லும் நான்கு நட்சத்திரங்கள் ஒரு பெரிய சதுரமாக நிற்கும். ஜோசியத்தை விட்டுவிடுங்கள், அந்தப் பெயர்கள் வானத்துக்கு உரியவை. சதுரத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து கிளம்பும் நட்சத்திர வரிசையில் இரண்டாவதற்குப் போய், அங்கிருந்து வடமேற்கே இரண்டு சிறு நட்சத்திரங்களைத் தாண்டினால் அந்த மங்கல் தெரியும். பைனாகுலர் இருந்தால் இன்னும் எளிது. அதில் தேர்ந்தவர்கள் மீன ராசியிலுள்ள எம் 74 என்ற சுருளை முயலலாம். ராபர்ட்ஸும் படமெடுத்த அந்தச் சுருள் மெசியே பட்டியலில் மிக மங்கலானவற்றில் ஒன்று.

சாட்சி என்ற சொல்லை நம் சபையில் அடிக்கடி கேட்கிறோம். சாட்சிக்கு முதல் கடமை, கண்டதைக் கண்டபடி சொல்வது. அதன் பொருளைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம் இருக்கலாம், அந்த எண்ணம் தவறாகவும் போகலாம். கண்டதையும் எண்ணியதையும் கலக்காமல் வைத்தால், பின்வருகிறவர்கள் தவறைத் திருத்திக்கொள்வார்கள். பள்ளி ஆய்வு அறிக்கையிலும், கேள்விப்பட்ட செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும், ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசும்போதும் இந்த ஒழுங்கு நமக்குத் தேவை. லிவர்பூல் கட்டடக்காரர் ஒருவர் அதைக் குளிரில் 4 மணி நேரம் நின்று செய்து காட்டினார்.